துணைப் புரதத்துக்கு மீசை வரைந்தேன்

இன்று ஹட்டன் டியூஷனில் ஓமோன் வாங்கி (receptor) பற்றிப் படிக்கப்போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஓமோன் வந்து வாங்கியில் ஒட்டினால் மட்டும் பரம்பரையலகு (gene) வேலையைத் தொடங்காதாம். துணைப் புரதம் ஒன்றும் வந்து சேர வேண்டுமாம்.

என் வாய் சும்மா இருக்குமா?

"சேர், இது எங்க தோட்டத்துல காலையில ஆள் கூட்டுற பெரட்டு மாதிரி. துரை உத்தரவு போட்டாலும், கங்காணி வந்து கத்துனாத்தான் எல்லாரும் மலை ஏறுவாங்க!"

சேரே சிரித்துவிட்டார். நான் எழுந்துபோய், சேர் பலகையில் வரைந்திருந்த துணைப் புரதத்துக்கு மீசை வரைந்தேன். "கங்காணி வாழ்க!" என்று வகுப்பே கத்தியது.

சிரிப்பு அடங்கியதும் பக்கத்து லய வீட்டுக் கவிதா கை தூக்கினாள் (பெயரை மாற்றிவிட்டேன், அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்).

"சேர், மார்புப் புற்றுநோய்க்குக் குடுக்கிற மாத்திரை, இந்தப் புரதத்தைச் சேர விடாமத்தானே தடுக்குது?"

"ஓம் பிள்ளை. ஏன் கேக்கிறீர்?"

"எங்கம்மாவுக்கு அதைத்தான் குடுத்திருக்காங்க."

மீசையைக் கையாலேயே அழித்தேன்.

வீடு திரும்பும் பொகவந்தலாவை பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமப் பண்ணிட்டேன். உங்கம்மா நோய வளர்க்கிற புரதத்தப் போய் வாழ்கன்னு கத்த வச்சிட்டேனே."

"அத விடுடா. அம்மா கொஞ்ச நாளா மாத்திரையத் தொடுறதே இல்ல. உடம்பு நல்லாத்தானே இருக்குங்கிறாங்க. நான் சொல்லப் போனா எனக்கு அழுகைதான் வருது. நீ வந்து சொல்றியா?"

நாளைக்குப் போகிறேன். சிரிக்க வைக்க மட்டுமே பழகியவன் நான். வீட்டில் யாரையாவது மாத்திரை குடிக்க வைத்தவர்கள் இருந்தால், எப்படி என்று கீழே கருத்தில் சொல்லுங்கள். சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு ஓடாதீர்கள்.