பெயிண்டர் வீட்டுப் பானை

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. வீட்டுக்குள் வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். கதவு பச்சை, ஜன்னல் நீலம், தண்ணீர் வாளி வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. துடைப்பக் கட்டைக்குக்கூடச் சிவப்பு அடித்திருக்கிறார். ஒரு வருடம் எங்கள் ஆட்டின் கொம்பு இரண்டும் வெள்ளி நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தன. தொட்டியில் தண்ணீர் குடிக்கக் குனிந்த ஆடு தன்னையே பார்த்து மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. தேடிப் போனது யார்? நான்தான்.

அவர் பெயிண்டர். கடை போர்டு, இரும்பு கேட், வேன், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, எது கிடைத்தாலும் அடிப்பார். வேலை முடிந்ததும் டப்பாவின் அடியில் மீந்ததைக் கொட்ட மனசு வராது, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கொண்டுவந்த பிறகு கை சும்மா இருக்குமா? “பெயிண்ட் அடிச்சா எதுக்கும் ஆயுசு கூடும்” என்பது அவருடைய வேதவாக்கு. அதைக் கேட்டுக் கேட்டு என் ஆயுசு குறைந்ததுதான் மிச்சம்.

கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். குழம்பில் உப்பு இல்லையென்றால் முணுமுணுக்காமல் தானே எழுந்து போய்ப் போட்டுக்கொள்வார். போர்டில் ஒரு எழுத்து கோணலாக விழுந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதாமல் தூங்க மாட்டார். எழுதிய எழுத்து சரியாக இருக்கிறதா என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து பார்த்து ஒருமுறை சாக்கடையில் விழுந்திருக்கிறார். எல்லாம் சரி. சொன்ன பேச்சைக் கேட்பது மட்டும் கிடையாது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எங்கள் தெருவுக்குக் கரண்டு கிடையாது. மெயின் ரோட்டோடு கம்பி நின்றுவிட்டது. ரொம்ப நாளைக்கு முன் கம்பங்களை மட்டும் கொண்டுவந்து நட்டார்கள். இவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு கம்பத்திலும் நம்பர் எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் பின்னால் நிழல் விழுகிற மாதிரி அழகழகாக எழுதினார். நம்பர் வந்தது, கரண்டு வரவில்லை. இப்போது அதில் ஆடு கட்டுகிறோம்.

எனக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். தக்காளி போடுவேன், கீரை போடுவேன். பறித்துக் கூடையில் வைத்து, தலைச்சுமையாக ரோடு வரைக்கும் நடந்து, வேன் பிடித்து டவுன் சந்தைக்குப் போய் விற்பேன். கோடையில் தக்காளி பறித்த மறுநாளே தொளதொளத்துவிடும். கீரை அன்றைக்கே தலையைத் தொங்கப் போட்டுவிடும். சேர்த்து வைக்க வழியில்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து தினமும் போக வேண்டும். காய்ச்சலோ தலைவலியோ, தினமும்.

அந்த நடையில்தான் என் வலது முழங்கால் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இப்படியே தினம் சுமை தூக்கி நடந்தீங்கன்னா கட்டிலோட கிடக்க வேண்டியதுதான். வாரத்துக்கு ரெண்டு நாள் போங்க, போதும்” என்றார். சொல்வதற்கு அவருக்கென்ன? இரண்டு நாள் மட்டும் போக நான் தயார். தக்காளி தயாரா?

அந்தச் சமயத்தில்தான் பானையம்மா வந்தார். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்கவில்லை. ஏதோ ஒரு சங்கத்திலிருந்து வண்டி நிறையப் பானை கொண்டுவந்து வீட்டுக்கு ஒரு ஜோடி கொடுத்தார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவில் மணல். மணலுக்குக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சின்னப் பானைக்குள் காயை வைத்து, வாயை ஈரச் சாக்கால் மூட வேண்டும். நிழலாக, காற்று வருகிற இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். “கரண்டு வேணாம், ஐஸ் வேணாம். தக்காளி ஒரு வாரம் தாண்டியும் நிக்கும்” என்றார்.

பக்கத்து வீட்டில் இருப்பது என் நாத்தனார், இவருடைய அக்கா. அவர் உதட்டைப் பிதுக்கினார். “வண்டியப் பார்த்ததும் ஃப்ரிட்ஜ் குடுக்கப் போறாங்கன்னு ஓடி வந்தேன். மண்ணுக்குள்ள மண்ணு, அதுக்குள்ளயும் மண்ணா?”

நான் என் ஜோடியைத் தூக்கிக்கொண்டு போனேன். கொல்லைப்பக்கக் கூரையடியில், காற்று சுழன்று வருகிற இடத்தில் வைத்தேன். பானையின் வயிறு எப்போதும் ஈரமாக இருக்கும். உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்று ஏறும். பறித்த தக்காளியைப் போட்டு வைத்து, நாலைந்து நாள் கழித்து எடுத்தேன். கல்லாக இருந்தது. கீரைகூட மூன்றாம் நாள் நிமிர்ந்து நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சந்தைக்குப் போகாத நாள் காலையில் நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து டீ குடித்தேன். முழங்கால் வீக்கம் வடியத் தொடங்கியது. இனிமேல் நான் நடக்கப் போகிறேன், கட்டிலில் விழப்போவதில்லை என்று நினைத்தேன்.

பொறுக்குமா என் வீட்டுக்காரருக்கு?

ஒரு நாள் நான் சந்தைக்குப் போயிருந்தேன். அவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பெயிண்டரை வீட்டில் விட்டுப் போவதும் பூனைக்குப் பக்கத்தில் பாலை வைத்துவிட்டுப் போவதும் ஒன்றுதான். திரும்பி வந்து பார்த்தால் என் பானை ஆகாச நீலத்தில் பளபளக்கிறது. வயிற்றில் பெரிய தக்காளி, மேலே பச்சைக் காம்பு. தக்காளிக் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, வெளிச்சம் பட்ட மாதிரி. கீழே வளைத்து வளைத்து ‘குளுகுளு பானை’ என்று எழுத்து.

“என்னைக் கேக்காம அதை ஏங்க தொட்டீங்க?”

“வெறும் மண்ணாவே விட்டா அரிச்சுப் போயிரும்டி. இப்பப் பாரு, நம்ம காலத்துக்கும் நிக்கும்” என்றார், பிள்ளை பெற்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அது வேறு எரிச்சல்.

அதைப் பார்த்துவிட்டுத் தெருவே வந்து நின்றது. எனக்கும் அடிங்க, எனக்கும் அடிங்க. இவருக்குச் சொல்லவா வேண்டும்? மீந்த டப்பாவெல்லாம் வெளியே வந்தது. ஒரு பானைக்கு ரோஸ், ஒன்றுக்கு இளம்பச்சை, ஒன்றில் கத்தரிக்காய், ஒன்றில் மீன். நாத்தனார் தன் பானையில் கிளி கேட்டார். கிளிக்கு மூக்கு சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டு மூக்கையும் பெரிதாக்கிக்கொண்டார்.

அடுத்த சந்தைக்காகப் பானையைத் திறந்தேன். குப்பென்று வந்தது நாற்றம். தக்காளி கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது, மேலே வெள்ளைப் பூஞ்சை. கீரையைத் தொடவே முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் பறித்தது எல்லாம் குப்பைக்குழிக்குப் போனது. மற்ற வீடுகளிலும் அதே கதை.

“நாலு நாள் வேலை செய்யிற பானையைக் கொடுத்துட்டு நம்மளை ஏமாத்திட்டுப் போயிட்டா அந்தம்மா” என்றார் நாத்தனார். மணலில் கோளாறு என்றார் ஒருவர். கண்ணு பட்டுப்போச்சு என்றார் இன்னொருவர். இவரும் நடுவில் நின்றுகொண்டு, “பானை மட்டமான பானையா இருக்கும். நான் அடிச்சதாலதான் இவ்வளவு நாளாச்சும் நின்னுச்சு” என்று தீர்ப்புச் சொன்னார்.

பழையபடி தினமும் கூடையைத் தூக்கினேன். வீக்கம் மறுபடி ஏறியது. பட்ட காலிலே படும் என்பது பொய்யா? ஒரு நாள் சரளைக் கல்லில் கால் வழுக்கி, அதே முழங்கால் மேல் விழுந்தேன். தக்காளி ரோட்டில் உருண்டது. வேன் டிரைவர் இறங்கி வந்து தூக்கி உட்காரவைத்து, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தேன். வலி பொறுக்க முடியாமல் பானையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கை அப்படியே நின்றது. பானை வெதுவெதுவென்று இருந்தது. சொட்டு ஈரம் இல்லை. சாக்கை விலக்கி மணலில் விரலை விட்டால், அங்கே சகதி. ஊற்றிய தண்ணீர் எல்லாம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து நாறுகிறது. எனக்குப் புரிந்துவிட்டது.

“ஏங்க! இங்க வாங்க. இதுல கையை வைங்க.”

வைத்தார்.

“என்ன தெரியுது?”

“வழவழன்னு இருக்கு. பினிஷிங் நல்லா வந்திருக்கு.”

தலையில் அடித்துக்கொண்டேன். “பினிஷிங்காம் பினிஷிங்! முன்னாடி இது வேர்த்துக்கிட்டே இருந்துச்சுல்ல? அந்த வேர்வை காத்துல காயக் காயத்தானே உள்ள குளிர்ச்சி. நீங்க அது மூச்சையே அடைச்சு வெச்சிருக்கீங்க. உங்க உடம்பு பூரா பெயிண்ட் அடிச்சு வெயில்ல நிறுத்தட்டுமா? அப்பத் தெரியும்!”

அவர் பானையிலிருந்து கையை எடுக்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தார். தோல் உரிந்து, பந்தாக வீங்கிக் கிடந்தது.

“அடிப்பூச்சா பிரைமர் வேற போட்டேன்” என்றார் மெதுவாக.

நான் கட்டிலோடு ஆனேன். டாக்டர் சொன்னது நடந்தேவிட்டதோ என்று பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். படுத்த இடத்திலிருந்தே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் உப்புத்தாளை எடுத்து வந்து பானையைத் தேய்த்தார். பளபளப்பு போனது, பெயிண்ட் போகவில்லை. மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நெருப்பில் காட்டினால் உரியும் என்று காட்டினார். படாரென்று ஒரு சத்தம். குளுகுளு பானை இரண்டாகப் பிளந்தது. சரி, அடுத்த வீட்டுப் பானையையாவது தேய்த்துப் பார்ப்போம் என்று போனால், நாத்தனார் குறுக்கே வந்து நின்றார்.

“தம்பி, கிளியைத் தொட்டேன்னா நடக்கிறதே வேற. காய் அழுகினா அழுகிட்டுப் போவுது.”

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். சொல்லிக்கொண்டு போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய வெறும் மண்பானை, மேலே வைக்கோல். வண்டிச் சட்டம் புதுச் சிவப்பில் மின்னியதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. பானை சுடுகிறவரிடம் போய், அவர் வண்டிக்கும் வீட்டுக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதாகப் பேசி, கூலிக்குப் பதில் பானை கேட்டிருக்கிறார். உள்ளே வைக்கிற சின்னப் பானைகளில் பெயிண்ட் படவில்லை. அதனால் வெளிப்பானை மட்டும் போதும். வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கினார். திட்டினார்கள், திட்டையும் வாங்கிக்கொண்டார். கிளிப்பானையில் நாத்தனார் ஒரு செடி வைத்தார்.

எங்கள் பானையை அவரே வைத்தார். மணலை அலசிப் போட்டார். செடியில் பழுத்துத் தொங்கிய தக்காளியைப் பறித்து அடுக்கினார், நிறவாரியாக அடுக்கினார் என்பது வேறு விஷயம். நான் படுத்துக்கொண்டே, “தண்ணி ஊத்தினீங்களா? சாக்கு நனைச்சீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஊத்தினேன், நனைச்சேன். வேலைக்கும் போகவில்லை.

அந்த வாரம் அனல் காற்று. உச்சி வெயிலில் புரண்டு படுத்தபோது கொல்லைக் கதவு வழியாகப் பார்த்தேன். பானைக்கு முன்னால் குந்தியிருக்கிறார். பக்கத்தில் டப்பா. கையில் ப்ரஷ்.

எனக்கு உயிரே போய்விட்டது. காலை மறந்து எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினேன். “பெயிண்ட் மட்டும் அடிச்சீங்க, அந்தக் கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்!”

அவர் திரும்பவில்லை. டப்பாவைப் பார்த்தேன். தண்ணீர். வெறும் தண்ணீர். ப்ரஷைத் தோய்த்து, விளிம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த இடம் கறுத்து, காற்று பட்டு, வெளுத்தது. மறுபடி விளிம்பிலிருந்து ஆரம்பித்தார்.

“காத்து சூடா இருக்கு. பானைக்கு வேர்வை பத்தல” என்றார். “அதான் நான் கொஞ்சம் குடுக்கிறேன்.”

“எப்ப இருந்து இங்க உக்காந்திருக்கீங்க?”

“வெயில் ஏறினதுல இருந்து.”

அவர் கழுத்தும் முதுகும் வெந்து சிவந்திருந்தன. கூரை நிழல் முழுவதையும் பானைக்கு விட்டுவிட்டு அவர் வெயிலில் இருந்தார். சாக்கை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். ஜில்லென்று இருந்தது. தக்காளி ஒவ்வொன்றும் கல்.

“நாளைக்கு நீ சந்தைக்குப் போக வேணாம்” என்றார். “நாளான்னிக்கும் வேணாம். கால் நல்லா ஆகட்டும். அதுவரைக்கும் இதைக் கெட்டுப்போக விட மாட்டேன்.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கும் கோபம் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பானையை மேலும் கீழும் பார்த்தேன்.

“அடியில, இடது பக்கம் ஒரு இடம் விட்டுப்போச்சு பாருங்க” என்றேன்.

குனிந்து பார்த்தார். “ஆமா” என்று சொல்லிவிட்டு ப்ரஷைத் தண்ணீரில் தோய்த்தார்.