கேள்வியை முழுசா படி

இளவேனிலுக்கு எதிலும் அவசரம். தொட்டியத்தில் அப்பா பிச்சமுத்து வாழைத்தார் வெட்டும்போது, தார் மரத்தை விட்டுச் சரிவதற்குள் கீழே ஓடிப்போய்த் தோளைக் கொடுக்கிற பிள்ளை அவள். பஸ் நிற்பதற்கு முன்பே படிக்கட்டில் நிற்பாள். இட்லி வேகுமுன் மூடியைத் திறந்து பார்ப்பாள்.

"உன்னைப் பத்து மாசம் எப்படித்தான் அம்மா சுமந்துச்சோ" என்பாள் அக்கா அனுசுயா.

"எங்க சுமந்துச்சு? எட்டாம் மாசமே வந்துட்டேனாம்ல."

ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த கையோடு, டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வை எழுதினாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் கடைசி சீட்டை வாங்கிய மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டாள். பெரிய பள்ளம் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது வரப்பளவு இடைவெளி. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது பிச்சமுத்து சொன்னார்: "வீட்டுல உக்காந்து ஒரு வருசத்தைப் போக்க வேணாம். திருச்சியில அக்கா வீட்டுல தங்கி டிகிரியில சேரு. படிச்சுக்கிட்டே இன்னும் ஒரு தடவை எழுது. ஒரே தடவை. வரலைன்னா அந்த டிகிரியை முடிச்சு டீச்சராயிரு. அதுவும் கௌரவமான வேலைதான்."

ஒரே தடவை. இளவேனில் தலையை ஆட்டினாள்.

அனுசுயா பத்தாவதோடு நிறுத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள். ஸ்ரீரங்கத்தில் கிழக்குச் சித்திரை வீதிக்கு அருகே ஒரு சந்தில் ரவிக்கை தைக்கிற கடை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையும் சமையல்கட்டும். தங்கை வந்து சேர்ந்த அன்று, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் வெட்டுமேசையின் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதினாள். தங்கைக்குத் தவறிப்போன அந்தக் கடைசி சீட்டின் மதிப்பெண். துணி உரசி உரசி அது அழியும். அழிய அழிய அனுசுயா மறுபடி எழுதுவாள்.

இளவேனில் சேர்ந்தது பி.எஸ்ஸி. விலங்கியல். காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கல்லூரிக்குப் போனால் திரும்பி வர மாலையாகிவிடும். வந்ததும் இயற்பியல், வேதியியல். ஞாயிற்றுக்கிழமை தில்லைநகரில் ஒரு மாடியில் நீட் மாதிரித் தேர்வு. ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைய பஸ்தான் நேரம். அவள் வரைந்த கரப்பான்பூச்சியின் கால்களைப் பார்த்தாலே, எந்தக் கால் காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கும்போது வரைந்தது என்று அனுசுயா சொல்லிவிடுவாள்.

இதற்கு நடுவில்தான் அந்த வேலை வந்து ஒட்டிக்கொண்டது. நாட்டு நலப்பணித் திட்ட வகுப்பில் பேராசிரியை, "கையெழுத்து நல்லா இருக்கிறவங்க யாரு..." என்று ஆரம்பிக்கும்போதே இளவேனில் கையைத் தூக்கிவிட்டாள். அவர் வாக்கியத்தை முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பார்வையில்லாத மாணவிகள் பரீட்சை எழுதும்போது கேள்வியைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். தூக்கிய கையை எப்படி இறக்குவது?

"ரெக்கார்டு எழுதவே நேரமில்லைங்கறே" என்றாள் அனுசுயா, ஊசியில் நூல் கோத்தபடி. "இதுல அடுத்தவங்க பரீட்சையை வேற எழுதப் போறியாக்கும்."

"செமஸ்டருக்கு நாலஞ்சு நாள்தான்க்கா."

"அந்த நாலஞ்சு நாளும் உன்னோடது."

நவம்பரில் அவளுக்கு வந்தவள் ஜீனத். மூன்றாம் ஆண்டு பி.ஏ. வரலாறு. பாலக்கரைக்காரி. பிறவியிலேயே பார்வை இல்லை. மடக்குக் கோலைத் தட்டிக்கொண்டு அறைக்குள் வந்தவள், நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்து, "புது ஸ்கிரைப்பா? பேனா ரெண்டு இருக்கா? நான் சொல்றதை அப்படியே எழுதணும். தப்புன்னு தோணினாலும் திருத்தக் கூடாது. அது என் தப்பு, என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

இளவேனில் படித்தாள், ஜீனத் சொன்னாள், இளவேனில் எழுதினாள். பேனா பறந்தது. பெரிய கேள்வி ஒன்று, சோழர்களின் கடற்படையெடுப்பு பற்றியது. ஜீனத் ஐந்து பக்கம் சொல்லி முடித்தாள். கடைசியில், கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் பதினைந்து நிமிடம் மிச்சமிருந்தபோது, "எல்லாக் கேள்வியையும் இன்னொரு வாட்டி படிங்க. மெதுவா" என்றாள்.

மெதுவாகப் படித்தபோது இளவேனில் ஓரிடத்தில் தடுக்கி நின்றாள். அந்தக் கேள்வி "படையெடுப்புக்கான காரணங்களை விவரி" என்பதோடு முடியவில்லை. அடுத்த வரியில், "அதனால் வணிகத்தில் ஏற்பட்ட விளைவுகளை மதிப்பிடுக" என்றும் இருந்தது. முதல் வரியைக் கண்டதும் தெரிந்த கேள்விதானே என்று அவள் அங்கேயே நிறுத்தியிருந்தாள்.

ஜீனத் அந்தப் பதினைந்து நிமிடமும் மூச்சு விடாமல் விளைவுகளைச் சொன்னாள். மணியடித்து, தாளை வாங்கிக்கொண்டு கண்காணிப்பாளர் போன பிறகு, வராந்தாவில் நின்று கேட்டாள்: "காலையில சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேனே."

"அப்புறம் ஏன் பாதிக் கேள்வியை முழுங்கினீங்க?"

இளவேனிலுக்கு அழுகை வந்தது. "சாரிங்க. அவசரத்துல..."

"உங்களுக்குக் கண்ணு இருக்கு, பிறகு வந்துகூட பாத்துக்கலாம். எனக்கு நீங்க படிக்கிறதுதான் கேள்வி. நீங்க விட்டா அது உலகத்துலயே இல்லை." கோலை விரித்தாள். "அடுத்த பரீட்சை வியாழக்கிழமை. வருவீங்கல்ல?"

"நானா? வேற ஆள் கேட்க மாட்டீங்களா?"

"வேற ஆள் எதை முழுங்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க எதை முழுங்குவீங்கன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் இளவேனில் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுத் தாள்களை எல்லாம் தரையில் பரப்பினாள். தப்பான விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாடம் தெரியாமல் விட்டவை பாதிகூட இல்லை. 'தவறான கூற்று எது' என்று கேட்டால், கண்ணில் பட்ட முதல் சரியான கூற்றுக்கான வட்டத்தை நிரப்பி வைத்திருந்தாள். சென்டிமீட்டரில் கேட்டதற்கு மீட்டரில் பதில். இரண்டு கூற்றுகளை ஒப்பிடச் சொன்னால் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறாள். தாள் தோறும் 'அடுத்த தடவை கவனம்' என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள். அந்த மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய் வெட்டுமேசை ஓரத்தைப் பார்த்தாள். அவையும் கிடைத்திருந்தால் அங்கிருந்த எண்ணைத் தாண்டியிருப்பாள்.

"அக்கா, எனக்குப் பாடம் தெரியுது. கேள்விதான் தெரியலை."

அனுசுயா மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "தெரியலைன்னா தெரிஞ்சுக்க. அழுதுக்கிட்டு நிக்காதே."

வியாழக்கிழமை பரீட்சை முடிந்ததும் இளவேனில் ஜீனத்திடம் ஓர் ஏற்பாடு சொன்னாள். ஜீனத்தின் பாடப் புத்தகங்களைப் போனில் படித்துப் பதிவு செய்து தர வேண்டியது இவள் பொறுப்பு. பதிலுக்கு இவள் நீட் கேள்விகளைச் சத்தமாகப் படிப்பாள். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, என்ன கேட்டிருக்கிறது என்று சொல்வாள். அப்புறம்தான் விடை. முழுங்கினால் ஜீனத் நிறுத்த வேண்டும்.

"எனக்கு விலங்கியல் தெரியாதே."

"பதில் தெரிய வேணாம். கேள்வி ஞாபகம் இருந்தா போதும்."

"அது நிறைய இருக்கு" என்று சிரித்தாள் ஜீனத்.

சனிக்கிழமைதோறும் ஜீனத் ஸ்ரீரங்கம் வருவாள். பஸ் நிறுத்தத்தில் இளவேனில் போய் அழைத்து வருவாள். கடையில் கத்தரித்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு இருவரும் ஆரம்பிப்பார்கள். திருப்பிச் சொல்லும்போது இளவேனில் ஒரு சொல்லைத் தாண்டினாலும் ஜீனத்தின் கோல் தரையில் டொக்கென்று விழும். ஆரம்பத்தில் அது ஓயாமல் விழுந்தது. ஒருநாள் ரவிக்கை வாங்க வந்த பக்கத்துத் தெரு வேதவதி மாமி, "ஏண்டி அனுசுயா, ஆசாரி யாராவது வந்திருக்காளா உள்ளே?" என்று கேட்டார்.

"பரீட்சைக்குப் படிக்கிறாங்க மாமி."

"நன்னா படிக்கட்டும். உன் தங்கை டாக்டராகறதுக்குள்ள என் ரவிக்கைக்குக் கொக்கி வச்சுடுவியோல்லியோ?"

இப்படி மெதுவாகப் படித்ததில் ஒரு கஷ்டமும் வந்தது. தில்லைநகர்த் தேர்வில் நேரம் போதவில்லை. மதிப்பெண் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. "பழைய மாதிரி வேகமா போம்மா" என்றார் அங்கிருந்த ஆசிரியர். இளவேனிலுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் பழைய வேகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு முழுக் கேள்வியையும் படித்தாள். பிப்ரவரியில் மதிப்பெண் பழைய இடத்துக்கு வந்தது. மார்ச்சில் தாண்டியது. கோல் தட்டுகிற சத்தம் குறைந்தது. "உன்னால எனக்குத் தவளை இதயத்துல மூணு அறைன்னு தெரிஞ்சு போச்சு. வரலாற்றுல ஒரு பய அதைக் கேட்க மாட்டேங்கறான்" என்று ஜீனத் அலுத்துக்கொண்டாள். எப்போதோ 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

ஏப்ரலில் இளவேனிலின் செமஸ்டர் முடிந்தது. ஜீனத்தின் கடைசிப் பரீட்சை மட்டும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போய், மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீட்.

ஜீனத்தே போன் செய்தாள். "வேனி, நீ வர வேணாம். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒண்ணைத் தர்றாங்களாம். நீ படி."

"அந்தப் புள்ளை எதை முழுங்கும்னு உனக்குத் தெரியுமா?"

கேட்டுவிட்டு இளவேனில் போனை வைத்தாள்.

அனுசுயா இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் போட்டாள். "நடுவுல ஒரே நாள்தான் இருக்கு. அப்பா ஒரே தடவைன்னு சொல்லியிருக்கு. நாலு மணி நேரம் அங்க போய் உக்காந்து, கை வலியோட வந்து, ஞாயித்துக்கிழமை கோட்டை விட்டுட்டா? அந்தப் பொண்ணே வேணாங்குது. உனக்கென்னடி வீம்பு?"

"வீம்பு இல்லக்கா. புதுசா நான் எதையும் இனிமே படிச்சுடப் போறதில்லை. அந்த ரூமுல நான் ஒரு சொல்லு தவறவிட்டா அவளுக்கு டிகிரி போயிரும். அந்தப் பயத்தோட நாலு மணி நேரம் படிச்சேன்னா, ஞாயித்துக்கிழமை எனக்குக் கை நடுங்காது. இதைவிட நல்ல மாதிரித் தேர்வு எனக்கு எந்த சார் வைப்பாரு?"

அனுசுயா டேப்பை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். "போறதுதான் போறே, மோர் எடுத்துக்கிட்டுப் போ. வெயில் கொளுத்துது."

வெள்ளிக்கிழமை ஜீனத் கடைசி முறையாக எல்லாக் கேள்விகளையும் படிக்கச் சொன்னாள். இளவேனில் படித்தாள். எதுவும் விட்டுப்போகவில்லை. "முடிஞ்சுது" என்று ஜீனத் கையை நீட்டினாள். இளவேனில் அந்தக் கையில் பேனாவை வைத்தாள். "இதை நீ வச்சுக்க" என்று திருப்பிக் கொடுக்கப் போன ஜீனத், "அட, நீட்டுக்குப் பேனாவும் அவங்களே தருவாங்கல்ல" என்று தானே வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் தேர்வு மையத்து வாசலில் வரிசை. முழுக்கை கூடாது, உலோகப் பொத்தான் கூடாது, கொலுசு கூடாது. அனுசுயா இதற்கென்றே அரைக்கைச் சுடிதார் ஒன்று தைத்திருந்தாள். கொக்கி இல்லை, ஜிப் இல்லை, பை இல்லை. கழுத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "போயிட்டு வா" என்றாள்.

உள்ளே இளவேனில் உதடு மட்டும் அசையப் படித்தாள். கண்காணிப்பாளர் இரண்டு தடவை வந்து பக்கத்தில் நின்றார். சத்தமில்லை என்று கண்டு போய்விட்டார். 'தவறான' என்று வந்த இடமெல்லாம் மனசுக்குள் ஒரு கோல் டொக்கென்று விழுந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் இயற்பியலில் ஏழு கேள்விகள் பாக்கி இருந்தன. போன வருஷமாக இருந்தால் ஏழு வட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருப்பாள். இரண்டை முழுசாகப் படித்து விடை கண்டாள். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிந்துவிடும் என்பதால் ஐந்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்தாள்.

வாசலில் அனுசுயா காத்திருந்தாள். "எல்லாம் எழுதிட்டியா?"

"இல்லக்கா. அஞ்சு விட்டுட்டேன்."

அனுசுயாவின் முகம் வாடியது. போன வருஷம் இதே கேள்விக்கு, 'எல்லாமே எழுதிட்டேன்' என்று துள்ளிக்கொண்டு வந்தவள் இவள்.

ஜூனில் முடிவு வந்த அன்று ஜீனத்தும் கடையில் இருந்தாள். அவள் பி.ஏ.வில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். போனில் மதிப்பெண் தாள் மெதுவாகத் திறந்தது. அனுசுயா எட்டிப் பார்த்தாள். இளவேனிலின் விரல் தானாகவே கீழே போகத் துடித்தது.

டொக்.

"மேலேருந்து படி" என்றாள் ஜீனத். "எனக்கும் தெரியணும்."

இளவேனில் மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தாள். விண்ணப்ப எண். பதிவு எண். "பெயர், இளவேனில் பி. தந்தை பெயர், பிச்சமுத்து..."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? அடியே, கீழ போடி!" என்று அனுசுயா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"முழுங்கக் கூடாதுக்கா." இளவேனில் அடுத்த வரிக்குப் போனாள். பிறந்த தேதி. மாநிலம். இயற்பியல். வேதியியல். உயிரியல். பிறகு மொத்தம். அந்த எண்ணைப் படித்துவிட்டு, தப்பாகப் படித்தோமோ என்று இன்னொரு முறை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள்.

அனுசுயா மேசை ஓரத்தில் விரித்திருந்த துணியை விலக்கி, சாக்கட்டி எண்ணைப் பார்த்தாள். தங்கையின் எண் அதைவிட முப்பத்தொன்பது கூடுதல். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அழிந்தது. மறுபடி எழுதவில்லை.

"சீட்டுக்கு வேண்டியதைவிட எவ்வளவு கூடன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று ஜீனத் கத்தினாள். "நான் மட்டும் இங்க சும்மா உக்காந்திருக்கேன்!"

இளவேனில் சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணீர் மறைத்ததில், முதல் தடவையாக அவளுக்கு எதையும் படிக்க முடியவில்லை. அனுசுயாதான் போனை வாங்கி, மேலிருந்து, விண்ணப்ப எண்ணிலிருந்து, ஒவ்வொரு வரியாக மறுபடி படித்துக் காட்டி, "முப்பத்தொன்பது கூட" என்று முடித்தாள்.