தெரிந்த முகம்

கம்பம் ஊரைத் தாண்டி, மலையடிவாரச் சோதனைச் சாவடியில் என் பைக் நிற்கிறது. கஞ்சா சோதனையாம். முன்னால் நின்ற ஜீப்பிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை இறக்கி, தூக்குச்சட்டிகளைத் திறந்து பார்க்கிறார் காவலர். அதற்குள் கட்சிக்கொடி கட்டிய கார் ஒன்று வர, சல்யூட் அடித்துக் கம்பியைத் தூக்கிவிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டிக்கு வண்டி சட்டம் மாறுமா?

"அந்தக் காரை ஏன் சார் பார்க்கலை?"

"அவுக யாருன்னு தெரியும்ல."

வரிசையில் நின்ற அக்கா ஒருவர் விடவில்லை. "பன்னெண்டு வருசமா தெனமும் இங்கனதான போறேன். என்னையத் தெரியலையாக்கும்?"

"தெரியாமயா? இன்னைக்கும் புளிச்சோறுதானக்கா" என்று சொல்லிக்கொண்டே அவருடைய தூக்குச்சட்டியின் மூடியைத் திறக்கிறார் காவலர்.