சீட்டு எண்ணுகிறவளின் கிரிவலம்

காலை 5.40. பெங்களூரு பேருந்து திருவண்ணாமலை நிலையத்துக்குள் நுழைந்தபோது அப்பா வந்து நின்றிருந்தார். கீழ்பென்னாத்தூரில் முதல் வண்டியைப் பிடித்திருப்பார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு முன்னால் வந்துதான் பழக்கம்.

நான் வருவது கோவாவிலிருந்து. ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர், இரண்டு பேருந்து. பெங்களூரிலிருந்து மட்டும் 240 ரூபாய். நான் அங்கே ஓட்டலில் கணக்கு எழுதுவதாக அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் எட்டு வருஷமாக என் பிழைப்பு, சூதாட்ட விடுதிகளில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடுவது. ஏமாற்று வேலை இல்லை. போன சீட்டுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்து, மீதியில் பெரிய சீட்டு அதிகம் இருந்தால் ஆடுகிறவருக்குச் சாதகம், அப்போது பந்தயத்தைக் கூட்டுவேன். கண்டுபிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். புடவையும் பூவுமாக உட்கார்ந்திருக்கிறவளைச் சந்தேகப்பட அவர்களுக்கு ரொம்ப நாள் ஆகிறது.

இந்தத் தடவை சொல்லிவிடுவதென்று வந்திருந்தேன். சித்தப்பா ரம்மி ஆடினார் என்பதற்காக, கூடப்பிறந்த தம்பி வீட்டுப் படியையே அப்பா பத்து வருஷமாக மிதிக்கவில்லை. எனக்கும் அதே கதியானால்?

6.15. ராஜகோபுரத்தில் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். பதினாலு கிலோமீட்டர். பௌர்ணமி இல்லை, பாதை தாராளமாக இருந்தது. ஒவ்வொரு லிங்கத்திலும் சொல்ல வாயெடுப்பேன், அப்பா திருநீறு பூசிக்கொண்டு திரும்புவார், வாய் மூடிக்கொள்ளும். எம லிங்கத்தில் சொல்வது நல்லதில்லை என்று நானே ஒரு சாக்குக் கண்டுபிடித்தேன்.

8.50. அடி அண்ணாமலை. டீ பன்னிரண்டு ரூபாய், பெஞ்சு இலவசம்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு பி.காம் முடிச்சிருக்குது. உங்க ஓட்டல்ல சேத்து வுடும்மா" என்றார் அப்பா.

இனி எங்கே மறைப்பது?

"ஓட்டலே இல்லப்பா. நான் சீட்டாடிதான் சம்பாதிக்கறேன்."

கிளாஸைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

"சூதாடினவன் எவன் நல்லாருந்தான்?"

"நீ பார்த்த வேலையதாம்பா நானும் பாக்கறேன். ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் சின்ன சீட்டு, வந்தா ஒருத்தர் ஏறினாப்பல. பத்து, படச்சீட்டு, ஏஸ்லாம் பெரிய சீட்டு, வந்தா ஒருத்தர் எறங்கினாப்பல. வண்டி நெரிஞ்சா பந்தயம் ஜாஸ்தி, காத்தாடினா கம்மி. கட்டு முடியறப்ப வண்டி காலியாவணும்."

"நடுவுல ஏழு, எட்டு, ஒம்பதுலாம்?"

"அதெல்லாம் ரோட்ல நிக்கறவங்க. கணக்குல இல்ல."

கிளாஸை ஓரமாக நகர்த்தினார். "எங்க, காட்டு."

பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி, ஜோக்கர்களை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். "ஒரு சீட்ட ஒளிச்சிக்கினு மீதிய ஒண்ணொண்ணா போடு. ஒளிச்சது சின்னதா பெரிசான்னு சொல்றேன்" என்று சொல்லி மலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒளித்து முடித்ததும் கூப்பிட்டார், திரும்பினேன். டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் போட்டார். டீ மாஸ்டர் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். கடைசிச் சீட்டு விழுந்தபோது என் கணக்கில் இரண்டு மிச்சம். ஒரு சீட்டை ஒளித்தால் ஒன்றுக்கு மேல் மிச்சம் வரவே முடியாது. எட்டு வருஷத்தில் எண்ணிக்கை தவறாதவள், இந்த நாளிலா தவற வேண்டும்? நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். முகத்தில் அப்படியொரு அப்பாவித்தனம். அவருக்கு அது ஒட்டவே ஒட்டாது.

"வண்டியில ரெண்டு பேர் உக்காந்திருக்காங்கப்பா. நீ ஒண்ணு எடுக்கல, ரெண்டு எடுத்திருக்க. ரெண்டும் பெரிசு."

சட்டைப் பையிலிருந்து ஒரு ராஜா வந்தது. தொடைக்கு அடியிலிருந்து ஒரு ஏஸ்.

"பெரியவரே, வசமா மாட்டிக்கினீங்க" என்றார் டீ மாஸ்டர்.

அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தனை சந்தோஷமாக நான் எந்த மேசையிலிருந்தும் எழுந்ததில்லை.

10.20. குபேர லிங்கம். திருநீறு பூசிக்கொண்டே அப்பா கேட்டார்: "உன் சித்தப்பனுக்கு இந்தக் கணக்குலாம் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"அதான பார்த்தேன்."

மூன்றாம் நாள் மதியம் என்னை வண்டியேற்ற வந்தார். கோவாவில் கடலும் கப்பலும் விளக்கும் உண்டு. பேருந்து கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருமில்லை. அடுத்து கொழும்பிலுள்ள சூதாட்ட விடுதிகளில் ஆடப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். வண்டி நகரத் தொடங்கியதும் கூடவே நாலு எட்டு நடந்து வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"அங்க வேட்டி கட்டிக்கினு வந்தா உள்ள வுடுவாங்களா?"