விளக்கு வைத்த சுவிச்போட்

1979ஆம் ஆண்டு ஜனவரி எட்டாந்திகதி, திங்கட்கிழமை, முனவ்வறா கல்முனையிலிருந்து கொழும்பு பஸ்ஸில் ஏறினாள். சூறாவளி அடித்து ஏழு வாரங்கூட ஆகவில்லை. தென்னைகள் விழுந்த இடங்களிலேயே கிடந்தன. கூரையில்லாத கடை வாசலில் அவளுடைய வாப்பா காலிதீன் ஒரு தகரப்பெட்டியோடு நின்றார். பக்கத்து வளவு வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் வழியனுப்பப் போயிருந்தேன்.

அவளுக்கு இருபது வயது. ஐந்து வயதில் சின்னமுத்து அம்மை வந்து இரண்டு கண்ணும் போனவள். கொழும்புக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பார்வையற்றவர்களுக்கு டெலிபோன் வேலை பழக்குகிறார்கள் என்று நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் காலிதீன் எங்கோ கேள்விப்பட்டு, ஒரு வருடம் கடிதம் எழுதி இடம் எடுத்திருந்தார்.

“என்ன காலிதீன், கண்ணுள்ளதுகளே வேலயில்லாமத் திரியிதுகள். இந்தப் புள்ளய அனுப்பி என்னத்தக் காணப் போறாய்?” என்று தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“நீ கண்ணாலயா டெலிபோன் கதைக்கிற?” என்றார் காலிதீன் காக்கா.

பஸ்ஸுக்குள் இருந்து முனவ்வறா சிரித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அவள் அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஊரில் ஒரு காரியம் நடந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீட்டைக் கட்டி எழுதிக் கொடுத்தால் மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பான். மூத்தவள் முனவ்வறாவுக்கென்று எழும்பிய வீட்டுக்கு மாப்பிள்ளை வரவில்லை. தங்கச்சி றம்ஸியாவுக்கு ஒரு சம்மந்தம் வந்ததும் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கலியாணத்தை முடித்துவிட்டார்கள். திரும்பி வந்த முனவ்வறாவுக்கு சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. உம்மா அழுதார். “அழாதீங்க உம்மா. அவக்கு வீடு, எனக்குக் கந்தோர்” என்று சொன்னாள் முனவ்வறா.

அந்தக் கந்தோர் 1980 நடுவில் கிடைத்தது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் அரச அலுவலகம் ஒன்று. அங்கே இருந்த பழைய சுவிச்போட்டில் பன்னிரண்டு லைன். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்னத் தகட்டு மூடி. அழைப்பு வந்தால் மூடி ‘டக்’ என்று விழும். முனவ்வறா விரலால் தடவி எது விழுந்தது என்று அறிந்து, அதற்கு நேரே உள்ள துளையில் இணைப்புக் கயிற்றைச் சொருகுவாள். மேசையில், விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தைக் குத்துகிற சட்டமும் ஊசியும் இருக்கும். எந்த வாய்க்காலில் எந்தக் கிழமை தண்ணீர் என்று தலைமைக் கிளாக்கர் நேசராசா வாசிக்க வாசிக்க, அவள் தடித்த மட்டைகளில் குத்தி வைத்துக்கொள்வாள். விவசாயிகள் கேட்டால் விரல் மட்டையில் ஓடும், வாய் பதில் சொல்லும். ஒருவரையும் காக்க வைத்ததில்லை.

சம்மாந்துறைப் பக்கத்து வயல்வட்டை ஒன்றின் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானையார் மீராமுகைதீன், அரிசி ஆலையிலிருந்து அடிக்கடி அழைப்பார்.

“புள்ள, எங்கட வாய்க்கால்ல தவளதான் கத்துது. தண்ணி எங்க?”

“முந்தநாள்தானே வந்த, விதானையார். முழுக்க நீங்களே குடிச்சிட்டீங்களா?”

“உன்ட வாயிக்கு உன்னக் கட்டுறவன் பாவம்கா.”

“அவர் இன்னும் லைன்ல வரல்ல. வியாழக்கிழம வரும், வைங்க.”

“ஆரு, மாப்புளயா?”

“தண்ணி!”

இப்படி நாலு வருடம். நான் அந்த வருடங்களில் வேலைக்காகக் கண்காணாத நாடுகளில் இருந்தேன். இதையெல்லாம் பிறகு முனவ்வறாவே, ஆட்களின் குரலை அப்படியே பிடித்து எனக்குக் கதைத்துக் காட்டினாள்.

1984 மார்ச்சில் புதிய சுவிச்போட் வந்தது. மூடி இல்லை. பன்னிரண்டு சின்ன விளக்குகள். அழைப்பு வந்தால் எல்லா லைனுக்கும் பொதுவாக ஒரு மணி இரையும், அந்த லைனின் விளக்கு மட்டும் எரியும். முனவ்வறா விரலை வைத்துப் பார்த்தாள். எரிந்த விளக்கும் எரியாத விளக்கும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன.

பக்கத்து மேசையில் தட்டச்சு அடித்த றோசாதான் முதலில் கைகொடுத்தாள். மணி இரைந்தால் தட்டச்சை நிறுத்தாமலே “ஏழு” என்பாள், “மூண்டு” என்பாள். முனவ்வறா சொருகுவாள். “ஞாயிற்றுக்கிழம வேதக்கோயில்ல போதகர் பாட்டு நம்பர் சொல்லக்குள்ள எனக்கு உன்ட நினைப்புத்தான்கா வாற” என்று றோசா சொன்னதைக் கேட்டுக் கந்தோரே சிரித்தது.

றோசா லீவு எடுத்த நாட்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் முனவ்வறா அந்தக் கருவியைப் பற்றி நேசராசாவிடம் சொன்னாள். பழகின பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் அதை அவள் கையில் தந்திருந்தார். பேனை அளவு இருக்கும். எரியும் விளக்குக்கு நேரே பிடித்தால் கீச்சென்று கத்தும். எரியாததற்குக் கத்தாது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும். கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு விண்ணப்பம் போக வேண்டும், அதோடு ஓர் அறிக்கையும்.

நேசராசா அறிக்கையை எழுதி அவளுக்கு வாசித்தார். ‘புதிய சுவிச்போட்டில் இவரால் தனியே வேலை செய்ய முடியாதுள்ளது’ என்ற இடத்தில் அவள் மறித்தாள்.

“ஐயா, முடியாது எண்டு போடாதீங்க. அத வாசிச்ச உடன வீட்ட போகச் சொல்லுவாங்க. கருவி வாறதுக்கு முந்தி நான் போயிடுவன்.”

நேசராசா யோசித்தார். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. கடைசியில் ‘எவ்வித சிரமமுமின்றித் திறம்படக் கடமையாற்றுகிறார், கருவி கிடைப்பின் மேலும் பயனுடையதாக இருக்கும்’ என்று மாற்றி அடிக்கச் செய்தார். “இது வடிவா இரிக்கி தங்கச்சி, ஒருத்தரும் குறை சொல்லேலாது” என்றார். முனவ்வறா தன் பெயரை எழுதி ஒப்பம் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அதையும் பழக்கியிருந்தார்கள்.

ஒரு வருடமாகப் பதில் இல்லை. 1985இல் ஊர்களுக்குள் கலவரம் வந்தது. தமிழாட்கள் ஒரு பக்கம், முஸ்லிம்கள் மறுபக்கம் என்று வீதி பிரிந்தது. றோசாவின் குடும்பம் மட்டக்களப்புக்குப் போய்விட்டது. நேசராசாவும் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, “கொழும்புக்கு நான் ஞாபகப்படுத்தி எழுதுறன்” என்றார். எழுதினாரோ தெரியாது.

அதன் பிறகு மணி இரையும், எந்த லைன் என்று சொல்ல ஆள் இல்லை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொன்றாகச் சொருகி “வணக்கம், சொல்லுங்க” என்பாள். யாரோ பேசிக்கொண்டிருக்கும் லைனில் புகுந்து ஏச்சு வாங்குவாள். சரியான லைனுக்குப் போய்ச் சேரும்போது, அழைத்தவர் டெலிபோனை வைத்துவிட்டிருப்பார்.

ஓகஸ்ட் மாதம், சின்னப்போக நெல் வேளாண்மை வெட்டுக்கு நின்ற நேரம், மீராமுகைதீனுடைய வட்டையில் வாய்க்கால் அணை உடைந்தது. மதகை மூடச் சொல்வதற்கு அவர் ஆலையிலிருந்து மூன்று தரம் அழைத்தார். மூன்று தரமும் அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவர் ஆள் அனுப்பி மதகு மூடப்பட்டபோது விளைந்த கதிர் தண்ணீருக்குள் கிடந்தது.

மறுநாள் காலை அவரே கந்தோருக்கு வந்தார். “எங்க அந்த டெலிபோன்காரி? உறங்கிட்டா இரிந்தாய்?” என்று கத்திக்கொண்டு அறைக்குள் நுழைந்தவர் நின்றுவிட்டார். ஐந்து வருடம் கதைத்த குரலை அவர் அன்றுதான் நேரில் பார்த்தார்.

“விதானையார்” என்றாள் முனவ்வறா. “மணி கேட்டிச்சி. எந்த லைன் எண்டு தெரியல்ல.”

அவர் குரல் இறங்கிவிட்டது. “அல்லாஹ்வே, கண் தெரியாத புள்ளயா நீ?” அவளுக்கு அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. வெளியே போய்ப் புதிதாக வந்திருந்த பெரிய உத்தியோகத்தரிடம் அவர் கதைத்ததும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. “பாவம் சேர், அந்தப் புள்ளயக் குறை சொல்லாதீங்க. ஆனா இத நம்பி எங்கட வேளாண்மய விடேலாது.”

உத்தியோகத்தர் கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

“எவ்வித சிரமமுமின்றி என்று நீங்களே ஒப்பம் வைத்திருக்கிறீங்கள். அப்படியென்றால் நேற்று நடந்தது கவலையீனமா?”

“இல்ல சேர். எனக்கு விளக்குத் தெரியாது. அதுக்குத்தான் கருவி கேட்ட.”

“அப்ப இந்த அறிக்கை பொய்.”

அவள் யோசித்தாள். பொய் என்றால் நேசராசா மாட்டுவார். மெய் என்றால் வேளாண்மையை அழித்தது தன்னுடைய கவலையீனம்.

“நான் சொல்லித்தான் சேர் அப்பிடி எழுதின” என்றாள்.

“வீட்டில இருங்கோ, அறிவிக்கிறம்” என்றார் அவர். இரண்டு மாதத்தில் வேலையிலிருந்து நிறுத்திய கடிதம் வந்தது.

1988 ஒக்டோபரில் நான் ஊருக்கு வந்தபோது, காலிதீன் காக்கா மௌத்தாகி அடக்கப்பட்டிருந்தார். முனவ்வறா குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் எழும்பிக் கட்டிலின் மறுபக்கம் போய் இருந்துகொள்வாள். றம்ஸியா கெட்டவள் இல்லை, நேரத்துக்குச் சோறு தருகிறாள். வேறு எங்காவது கேட்டுப் பார்ப்போமா என்றேன். “எங்க கேக்கிற? எல்லா இடமும் விளக்கு வெச்ச போட்டுத்தான்” என்றாள். புள்ளி எழுத்துச் சட்டம் எங்கே என்று கேட்டதற்கு, “ஆருக்கு எழுத?” என்றாள்.

அந்த வருடம் முடியுமுன் கந்தோர்ப் பியோன் ஒரு நீளக் கடித உறையோடு வந்தார். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கொப்பியையும் மைப்பெட்டியையும் திறந்து, அவளுடைய பெருவிரலைப் பிடித்தார். அவள் விரலைக் கொடுத்தாள்.

நான் வாசித்தேன். கொழும்பிலிருந்து, ‘டெலிபோன் இயக்குநர் கா. முனவ்வறா’ என்று பதவியிட்டு வந்திருந்தது. 1984 ஏப்ரல் மாத விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. எவ்வித சிரமமுமின்றித் திறம்படக் கடமையாற்றி வருவதாக அறிக்கையிடப்பட்டுள்ளமையால் தங்களுக்குக் கருவி அவசியமற்றது எனத் தீர்மானிக்கப்பட்டது. எதிர்காலத்தில் சிரமம் ஏதும் ஏற்படின், தாங்கள் கடமையாற்றும் அலுவலகத்தின் ஊடாக மீண்டும் விண்ணப்பிக்கலாம்.