கையெழுத்துப் போட்ட மறுநாள்

பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு நூல் மில்லில் பத்து வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். போன ஆடியில் என் ஷிஃப்டில் ஒரு பெண்ணின் இரண்டு விரல்களை மிஷின் நசுக்கிவிட்டது. பல்சக்கரத்தை மூடும் தகரம் உடைந்துபோன மிஷின். மாற்றச் சொல்லி மூன்று தடவை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

முதலாளியின் மருமகன்தான் மேனேஜர். மிஷின் பக்கம் எட்டிப் பார்த்திராத மனுஷன். 'வேலையாளின் கவனக்குறைவு' என்று டைப் அடித்த தாளை என் பக்கம் நகர்த்தினார். "போட்டுருங்க மேடம். அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் செஞ்சுபோடலாம்." சொல்லிவிட்டு இளித்தார். ஆனாலும் போட்டேன். பேனாகூட அவருடையது.

மறுநாள் காலை பல் துலக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை.

கோயமுத்தூரில் பேர்போன எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை அரை நிமிஷம் பார்த்தார். என் முகத்தை அதுகூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லீங்க, வயசாகுதில்ல" என்று ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். எனக்கு நாற்பத்திரண்டு. வீட்டில் என் புருஷன் அவருக்கும் மேல். "ஒண்ணுமில்லைன்னுட்டாங்கள்ல, அப்புறம் என்ன படுக்கை?"

பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபி பெண் ஒருத்திதான் கேட்டாள்.

"ஏனுங்க்கா, வலி வர்றதுக்கு முந்தின நாள் ஏதாச்சும் கனமாத் தூக்குனீங்களா?"

"இல்லையே."

"அன்னைக்கு வேற என்ன நடந்துச்சுங்க?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "வலி நெசந்தானுங்க. மனசு பதறுனா இடுப்புச் சதையும் இறுகிக்கும். பயந்து படுத்தா இன்னும் இறுகும். நடங்க" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, பெல்ட்டைக் கட்டிக்கொண்டே, என் பழைய கடிதங்களின் நகல்களோடு தொழிற்சாலை ஆய்வாளரிடம் போனேன். நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருப்பது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே வேலை போனது. அடிபட்ட பெண்ணுக்கு நியாயமான இழப்பீடு கிடைத்தது. பார்க்கப் போனபோது அவள் உட்காரச் சொல்லவில்லை.

"கையெழுத்துப் போடறப்ப என் நெனப்பு வல்லீங்களா?"

"வந்துச்சு கண்ணு" என்றேன்.

வலி ஒரே நாளில் விடவில்லை. தினமும் நடந்து, இரண்டு மாதத்தில் குறைந்தது. இப்போது சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் வேலை. மருமகன் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அவருக்கு இடுப்பு வலி வந்ததாகக் கேள்விப்படவில்லை. பதறுவதற்கு ஒரு மனசு வேண்டுமே.