படியிலிருந்து தெரியும் பனிமலை

மலைநாட்டுப் பழங்கோயில்களையும் தொல்லியல் இடங்களையும் தேடிப் போய்ப் பார்ப்பது என் மாமாவின் பொழுதுபோக்கு. அப்படித்தான் அவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். உண்மையில் அவர் டெல்லியில் போய்ப் பார்த்த இடங்கள் கோச்சிங் வகுப்பும், அம்மா அரிசியும் முருங்கைக்காயும் வாங்கிவரச் சொல்லி அனுப்புகிற ஐ.என்.ஏ. மார்க்கெட்டும்தான். செங்கோட்டையைக்கூட அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கலெக்டராக வேண்டும் என்று திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தவர். வந்தபோது நான் கைக்குழந்தை. நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவர் அதே பரீட்சையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இருந்த ஒரே பால்கனியைத் தகரமும் கண்ணாடியும் வைத்து அடைத்து அவருக்கு அறையாக்கியிருந்தோம். மே மாதத்தில் அதற்குள் மனிதர் உட்காரவே முடியாது. அவர் உட்கார்ந்து படித்தார். அப்பா மச்சினனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஊரிலிருந்து யாராவது போன் செய்து தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டால், போனை அம்மாவிடம் நீட்டிவிடுவார்.

அந்த வருஷத்தோடு மாமாவுக்கு வயது வரம்பு முடிந்தது. இனி எழுத முடியாது. அந்தக் கடைசித் தடவையில்தான், முதல் தடவையாக, நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். வீடு தலைகால் புரியாமல் ஆடியது. அப்பா தன் ஒரே கோட்டைத் தோள்பட்டை பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அம்மா பார்க்கிற கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள். கலெக்டர் காரில் முன்சீட்டு எனக்கா, டிரைவர் பக்கத்தில் போலீஸ்காரர் உட்காருவாரா என்பது என் கவலை.

விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம் இருந்ததாம். படிப்பைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் அதில் என்னத்தை எழுதுவார்? கோச்சிங் ஆசிரியர், கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று சொல்லி இந்தப் பழங்கோயில் பொழுதுபோக்கை அவர் தலையில் கட்டிவிட்டார்.

தேர்வு முடிந்து வந்த அன்று, கோட்டைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னார். கடைசியாக எங்கே போனீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அல்மோராவுக்கு அப்பால், தேவதாரு மரங்களுக்கு நடுவே உள்ள ஒரு கோயில் கூட்டத்தைச் சொல்லியிருக்கிறார். எந்த ராஜா கட்டியது, கோபுரம் என்ன வகை, கல்வெட்டு எந்தச் சுவரில் என்று கேட்டதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்புறம் ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், சரித்திரம் போகட்டும், அங்கே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டிருக்கிறார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. விடியற்காலையில் பெரிய கோயிலின் படியில் உட்கார்ந்து எதிரே பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று மாமா சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சிரித்தாராம்.

நல்ல சகுனம் என்றாள் அம்மா. மாமாவும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தார். மூன்றாம் நாள், அந்தப் படியிலிருந்து பனிமலை நிஜமாகவே தெரியுமா என்ற சந்தேகம் வந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்பாவுக்கு அந்த வருஷம் எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை பாக்கியிருந்தது. மத்திய அரசு ஊழியருக்கு அது சும்மா கிடைக்கிற பயணமில்லை, விட்டால் காலாவதியாகிவிடும் உரிமை. கோவா என்று முடிவாகியிருந்தது. எங்கள் வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார்கூடக் கேட்டு வாங்கியறியாத மாமா, அந்தக் கோயிலுக்குப் போகலாமா அத்தான் என்று கேட்டார். அப்பா மறுநாளே டிக்கெட்டை மாற்றினார். கடல் போச்சே என்று நான் ஒரு நாள் முழுக்க அழுதேன்.

காத்கோதாம் வரை ரயில், அதற்கு மேல் ஜீப். வளைவுக்கு வளைவு நான் வாந்தியெடுத்தேன். மாமா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கோயில் வாசலில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. கோபுரத்து உச்சியில் மரக்கூரை இருந்தது. சுவரில் கல்வெட்டு இருந்தது. சின்னச் சின்னக் கோயில்கள் நூற்றுக்கு மேல் நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொன்றையும் காட்டி, "சரியா?" என்று என்னைக் கேட்டார். நான் "சரி" என்றேன். எனக்கு அது ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. கல்வெட்டு எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு அவர் வாசித்தபோது, இந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அது என் மாமாவின் நல்ல நேரம். அரைமணிகூட நீடிக்கவில்லை.

பிறகு பெரிய கோயிலின் படியில் போய் உட்கார்ந்து எதிரே பார்த்தார்.

எதிரே மலைச்சரிவு. சரிவு முழுக்கத் தேவதாரு. வலது பக்கமும் அதுவே, இடது பக்கமும் அதுவே. கோயில் ஒரு குறுகலான பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. அண்ணாந்து பார்த்தால்தான் வானமே தெரிந்தது. மாமா எழுந்து இன்னொரு படியில் உட்கார்ந்தார். மதில் ஓரம் போய் நின்றார். பின்பக்கம் போனார். ஒரு சின்னக் கோயிலின் மேடையில் ஏறப்போக, காவலாள் சத்தம் போட்டு இறக்கிவிட்டார். கடைசியில் டீக்கடைக்காரரிடம் போய், அண்ணா, பனிமலை எங்கிருந்து தெரியும் என்று இந்தியில் கேட்டார். இங்கேயிருந்து எந்தக் காலத்திலும் தெரியாது, மேலே உச்சிக்கு நடந்து போக வேண்டும் என்றார் அவர், பாலை ஆற்றிக்கொண்டே.

அப்பா மாமாவின் தோளில் கைவைத்து மெதுவாகச் சொன்னார்: "விடுங்க மாப்ள. அந்தம்மா இங்க வந்திருக்கணும்னு என்ன இருக்கு?"

"வந்திருக்காங்க அத்தான். அதான் சிரிச்சிருக்காங்க."

இன்றைக்கு யோசித்தால், அந்த அம்மாள் எதற்குச் சிரித்தாரோ, யார் கண்டது. எழுத்துத் தேர்விலேயே மார்க் குறைந்திருக்கலாம். ஆனால் மாமாவின் இத்தனை வருஷப் படிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் போய் விழுந்துவிட்டது, அவரைப் பொறுத்தவரை. இப்போது ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன் செய்தால், சாப்பிட்டியா என்பதற்கு மேல் பேச்சு நீளாது. இப்படி ஒரு மனிதரை வீணாக்கியதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று கோயிலில் அவர் திடீரென்று என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார். தோளில் ஏறுகிற வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். அவர் கால் தள்ளாடியது.

"பாப்பா, மரத்துக்கு மேல வெள்ளையா ஏதாவது தெரியுதா பாரு."

பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவில், வெள்ளையாக, வெயில் பட்டுப் பளபளவென்று ஒன்று தெரிந்தது. காலண்டரில் மட்டும் பனிமலை பார்த்திருந்த டெல்லிப் பிள்ளை நான். "தெரியுது மாமா!" என்று கத்தினேன்.

"மேகமா இருக்கப்போவுது. நல்லாப் பாரு."

"மேகம் இல்ல, பஹாட்தான். மலைதான் மாமா, சத்தியமா."

அது மேகம்தான். மாமா என்னை இறக்கிவிட்டு, என் கணுக்காலைப் பிடித்தபடியே குந்தியிருந்தார். எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. அக்கா, பாப்பாவுக்குத் தெரியுதாம் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் டெல்லி திரும்பிய சில நாட்களில் முடிவு வந்தது. மாமா பெயர் இல்லை. அப்பா கம்ப்யூட்டரில் மேலிருந்து கீழே பார்த்தார், பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. எல்லோரும் இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு அபத்தமாக இருந்தது. வழிதான் இருக்கிறதே. நான் பால்கனி அறைக்குப் போனேன்.

"மாமா, என்னையக் கூட்டிட்டுப் போங்க. நான் அந்தக் கேள்வி கேட்டவங்ககிட்ட சொல்லுதேன், படியிலேர்ந்து தெரியும்னு. நான்தான் பார்த்தேன்ல?"

மாமா "சரி" என்றார்.

மறுநாள் யாரும் எழுப்பாமலே எழுந்தேன். லீவாக இருந்தாலும், பெரிய ஆபீஸுக்குப் போகிறோம் என்று பள்ளி யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டேன். டை கட்டி, ஷூ மாட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். மாமா வந்தார். நெற்றியில் திருநீறு, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கயிறு போட்டுக் கட்டிய படுக்கை. ஆபீஸுக்குப் போவதற்குப் படுக்கை எதற்கு என்பது மட்டும்தான் எனக்குப் புரியவில்லை.